ஏற்காடு ஏரி: வார நாளில் போங்கள்

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அமைதி வேண்டுமென்றால் வார நாள் காலைதான். ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் ஏரிக்கரையைச் சந்தையாக்கிவிடும்.

படகுகளில் துடுப்புப் படகே அருமை. மோட்டார் சத்தம் இல்லை, நீர்ப்பறவைகள் கலைவதில்லை. மிதிபடகில் எடை இருபுறமும் சமமாக இருக்கட்டும், இல்லையேல் ஒரு பக்கம் சாய்ந்து, வளைந்தே போகும். எதிர்காற்றில் திரும்புவது மெதுவாகும். நேரம் முடியும் முன்பே கரைக்குத் திருப்புங்கள். லைஃப் ஜாக்கெட் வாரைக் கட்டாயம் இறுக்குங்கள்.

கரையோர மிளகாய் பஜ்ஜியைச் சுடச்சுடப் போடச் சொல்லி வாங்குங்கள், ஆறினால் எண்ணெய்தான். அண்ணா பூங்கா பக்கத்திலேயே.

இறங்கும்போது இரண்டாம் கியர். பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பிற்பகல் மூடுபனிக்கு முன்பே கிளம்புவது நல்லது.