பாளை ஆய்வேட்டுக் கடை: பைண்டிங் பிரமாதம், புள்ளியியலுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள்

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் தீசிஸ் வேலை பார்க்கும் கடைகள் நிறைய. டைப்பிங், டேட்டா என்ட்ரி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அனாலிசிஸ், பைண்டிங் எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்த ஒரு கடையில்தான் என் முனைவர் பட்ட வேலையைக் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கடையோடு முடிகிறதும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைப் செய்யும் அக்கா கெட்டிக்காரர். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் கேட்ட கேள்விப் படிவம் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் புள்ளியும் இடம் மாறிக் கிடக்குமே என்று பயந்தேன். அக்கா மாற்றியதோடு நிற்காமல் வரி வரியாகப் படித்துத் திருத்தியிருந்தார். பெண்கள் சொன்ன பதில்களில் மட்டும் கை வைக்கவில்லை. "அவுக சொன்ன மாதிரியே இருக்கட்டும் மேடம், எங்கம்மையும் பீடி சுத்துனவதான்" என்றார். பைண்டிங்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, நூல் தைத்த கட்டு.

இனி அனாலிசிஸ். எவ்வளவு காலமாகப் பீடி சுற்றுகிறார்கள் என்பதை மூன்று படியாகவும், கழுத்துவலியை 'இல்லை, எப்போதாவது, தினமும்' என்று மூன்று படியாகவும் பிரித்து ஓர் அட்டவணை கேட்டிருந்தேன். வந்த பிரிண்ட்டில் கைவர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது), அதிலிருந்து தொடர்பின் அளவைச் சொல்லும் கான்டின்ஜென்சி கோஎஃபிஷியன்ட், பக்கத்தில் பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்பது) .000. அட்டவணைக்கு அடியில் மென்பொருள் தானாகவே ஒரு வரி போடும்: எத்தனை கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை (தொடர்பே இல்லையென்றால் வர வேண்டியது) 5-க்குக் கீழே இருக்கிறது என்று. சோதனையை நம்பலாமா என்று பார்க்க அந்த வரிதான் முதல் துப்பு. அதைக் காணோம். கேட்டால், கம்ப்யூட்டரில் இருக்கும் தம்பி, "பாக்க அசிங்கமா இருக்குன்னு எல்லாத்துக்கும் எடுத்துருதோம் மேடம்" என்றான்.

.000 என்றால் பூஜ்யம் இல்லை, 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும் என்பதைக்கூட விட்டுவிடலாம். படிப்படியான இரண்டு விஷயங்களை எதிரெதிரே வைத்திருக்கும்போது அதற்கென்றே உள்ள காமா என்ற அளவையைப் போடவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல். மென்பொருளில் அதே பெட்டியில் கொஞ்சம் தள்ளி ஒரு டிக் அடித்தால் வந்துவிடும்.

அந்த டிக்குக்குப் பின்னால் லியோ குட்மேன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இருக்கிறார். 1928-இல் புரூக்ளினில் பிறந்தவர். சிராகியூஸில் சமூகவியலும் கணிதமும் படித்து, 1950-இல் பிரின்ஸ்டனில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருஷம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சமூகவியல், புள்ளியியல் இரண்டு துறைக்கும் ஆளாக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். 1987-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறினார், 2017-இல் ஓய்வு. 2020 டிசம்பரில் கொரோனாவில் இறந்தபோது வயது 92. நம்மூரில் பக்கத்துத் துறையில் ஒரு பேப்பர் எடுத்துப் படிக்கவே மூன்று கையெழுத்து வேண்டும். அது தனிக் கதை.

சிகாகோவில் இளம் ஆசிரியர்களாக இருந்த குட்மேனிடமும் வில்லியம் கிரஸ்கலிடமும் வேறு துறைக்காரர்கள் தனித்தனியே அட்டவணைகளோடு வந்திருக்கிறார்கள். ஒரு புத்தாண்டு விருந்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இருவர் தலையிலும் ஒரே சிக்கல் ஓடுவது தெரிந்தது: அட்டவணையில் இருக்கும் இரண்டு விஷயங்களுக்கும் எவ்வளவு தொடர்பு என்று எந்த எண்ணால் சொல்வது? 1954 முதல் 1972 வரை நான்கு கட்டுரைகள் சேர்ந்து எழுதினார்கள். 0.4 என்று ஓர் எண் வந்தால் அதற்கு வாய்விட்டுச் சொல்லும்படி ஓர் அர்த்தம் இருக்க வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. கைவர்க்கத்திலிருந்து எடுக்கும் அளவைகளுக்கு அது சிரமம். காமாவுக்குச் சுலபம். இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் காலம் சுற்றியவருக்கே வலியும் கூடுதல் என்றால் அந்த ஜோடி ஒரு பக்கம், நேர்மாறாக இருந்தால் மறுபக்கம். இரண்டு பக்கத்து எண்ணிக்கையின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் காமா, அவ்வளவுதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) போர்டு பக்கம் போகாமலே விளக்கிவிடலாம். சமமாக நிற்கும் ஜோடிகள் கணக்கில் வராததால் எண் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

அப்புறம், மாதிரி எடுத்த முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயம். பனிப்பந்து முறையில் மாதிரி எடுக்கப்பட்டது, குட்மேன் 1961 என்று கடையில் ரெடிமேடாக ஒரு பத்தி வைத்திருக்கிறார்கள். ஓர் அக்கா அடுத்த அக்கா வீட்டைக் காட்ட, அவர் இன்னொரு வீட்டைக் காட்ட என்று போன ஆய்வுக்கெல்லாம் இதே பத்திதான். 1961 கட்டுரையில் முதல் ஆட்களைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் குறித்த எண்ணிக்கையில் பெயர் சொல்ல வேண்டும், அந்தப் பெயர்க்காரர்களும் அப்படியே. யார் யாரைச் சொல்கிறார்கள் என்ற உறவை மதிப்பிடுகிற கணக்கு அது. எளிதில் கிடைக்காத ஆட்களைத் தேடிப்போகும் இப்போதைய வழக்கம் வேறு, தன் முறை வேறு என்று 2011-இல், எண்பது தாண்டிய வயதில், குட்மேனே எழுதினார். அதோடு, நெல்லைப் பக்கம் பீடி சுற்றும் வீடு அப்படித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதா என்ன? அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். "இதுவரைக்கும் வைவால ஒருத்தரும் கேட்டதில்லையே மேடம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. அவர் சொன்னதை நான் நம்புகிறேன். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை.

சொன்னதும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. விட்டுப்போன வரியைத் திரும்பச் சேர்த்து, காமாவும் போட்டு, கூடுதல் காசு கேட்காமல் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். எதற்கு என்ன போட வேண்டும் என்று யாராவது சொன்னால் செய்கிற பையன்தான். ஆகவே எந்த அட்டவணைக்கு எந்த அளவை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வேர்டில் ஒட்டியதை மட்டும் வாங்கி வராமல், டேட்டா ஃபைலையும் அவுட்புட் ஃபைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். மார்ச், ஏப்ரலில் எம்.ஏ. பிராஜெக்ட் கூட்டம் அம்மும், தம்பி நிமிர்ந்தே பார்க்க மாட்டான். அந்த மாதங்களில் பைண்டிங்குக்கு மட்டும் போனால் போதும்.