இலவச சட்ட உதவி மையம்: முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கோர்ட் வளாகத்துக்குள் இருக்கும் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்களுக்கு நொய்யல் கரையோரம் ஒரு ஊர். வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் எந்த மாவட்டம், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்.

என் தம்பி மோட்டார் காயில் கட்டுகிறவன். தோட்டத்துக் கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது எரிந்தாலும் அவனிடம்தான் வரும், பழைய காயிலை அறுத்தெடுத்துச் சேர்த்துவைத்து எடைக்குப் போடுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், ஆக எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு சாக்கு காப்பர் கிடக்கும். போன வருஷம் எங்கள் பக்கம் தோட்டம் தோட்டமாக மோட்டார் ஒயரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போலீஸ் என்று மூன்று பேர் வந்தார்கள், யூனிஃபார்மில் இருந்தது ஒருவர்தான். பீரோ வரைக்கும் பார்த்துவிட்டு, சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டு, "விசாரிச்சுட்டு அனுப்பிருவோம்" என்று தம்பியையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு துண்டுச் சீட்டு கூடத் தரவில்லை.

விடிந்ததும் அம்மா "சாமி, தம்பியக் கூட்டியாந்துரு" என்று அழ, நான் போனது எங்கே தெரியுமா? ஸ்டேஷனில் ஆள் தெரியும் என்று சொன்ன ஒருத்தரிடம். மூவாயிரம் வாங்கிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் டீக்கடையிலேயே உட்கார வைத்தார். அதற்குள் தம்பியிடம் நான்கைந்து தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பேக்கரியில் ஒரு பெரியவர்தான் இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் போடச் சொன்னார். இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்து கோர்ட்டுக்கு நேராக வரச் சொன்னார்கள். வருமானச் சான்று வேண்டுமா என்று கேட்டேன். காவலில் இருப்பவருக்கு அது தேவையில்லை, பெண்களுக்கும் தேவையில்லை, 1987-ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். கடைசி வரைக்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தபோது எங்களுக்காக நின்றது ஒரு வக்கீலம்மா, முப்பது வயதுகூட இருக்காது. போலீஸ் கொடுத்த காகிதத்தை வாங்கிப் படித்ததுமே என்னைக் கேட்டார்: "அண்ணா, தம்பியக் கூட்டிட்டுப் போனது எத்தன மணிக்கு?" காகிதத்தில் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி நின்றவனைப் பிடித்ததாக எழுதியிருந்தது. அப்புறம் அவனே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தென்னந்தோப்பில் ஒளித்துவைத்த காப்பரைக் காட்டினானாம். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் காகிதத்தில், கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சியும் வேறு ஊர்.

கையெழுத்தே போட்டுவிட்டான், இனி என்ன செய்ய முடியும் என்று நான் சோர்ந்துபோய் நின்றேன். அப்போது அவர் கோர்ட் வராந்தாவில் வைத்துச் சொன்னதற்குத்தான் இந்த நான்கு நட்சத்திரமும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளி என்று காட்டுவதற்கு வைக்க முடியாது. 1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்திலேயே 25, 26-வது பிரிவுகளாக இருந்ததுதான், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவாக இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் 20(3) வேறு இருக்கிறது. ஒப்புதல் செல்லவேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கவேண்டும், அவரும் 'நீ சொல்லியே ஆகவேண்டும் என்று இல்லை, சொன்னால் உனக்கு எதிராக வரலாம்' என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது, அங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள் என்றும் சொன்னார். காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அந்தப் பொருள் கிடைத்ததோடு நேராகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் சாட்சியத்துக்குள் வரும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27-வது பிரிவு. வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், நம் பழைய மதராஸ் மாகாணத்து வழக்கான புலுகூரி கொட்டய்யாவில், இதற்கு எல்லை போட்டது: 'ஈட்டியால் குத்தினேன், ஒளித்துவைத்தேன்' என்று ஒருவன் சொன்னால் ஒளித்துவைத்தது உள்ளே வரும், குத்தியது வராது. அதனால்தான் எங்கள் திண்ணையில் இருந்த சாக்கு தென்னந்தோப்புக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எடுத்தால் அது தொழில் சரக்கு, தோப்பில் எடுத்தால் ஒளித்துவைத்த சரக்கு.

சோதனை போட்டதே தப்பு, அப்படியானால் எடுத்ததெல்லாம் செல்லாதுதானே என்று கேட்டேன். இல்லை என்று மறைக்காமல் சொன்னார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் 1961 மேப் வழக்குக்குப் பிறகு சட்டவிரோதச் சோதனையில் எடுத்ததை எந்த மாநிலக் கோர்ட்டும் பொதுவாக ஏற்பதில்லை, நம் ஊரில் சுப்ரீம் கோர்ட்டின் 1973 பூரண் மல் தீர்ப்புப்படி பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தால் சோதனை முறைகேடு என்பதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அந்த முறைகேட்டை வைத்துப் போலீஸ் சொல்வது நம்பும்படி இல்லை என்று காட்டலாம். அதைத்தான் அவர் செய்தார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-வது பிரிவு அந்த வட்டாரத்து ஆட்கள் இரண்டு பேரையாவது சாட்சியாக வைக்கச் சொல்கிறது, 105 சோதனையையும் கைப்பற்றியதையும் வீடியோ எடுத்துத் தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. வீடியோ எங்கே என்று கேட்டார். இல்லை. ஏழு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடாமல் ஏன் கைது என்று கேட்டார். அதற்கும் சரியான பதில் வரவில்லை. வெளியே வைத்துத் தம்பியிடம், "பயப்படாம நடந்தத சொல்லுங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். மாஜிஸ்திரேட் கேட்டபோது அவனும் ராத்திரி வீட்டில் இருந்து கூட்டிப்போனதையும் கையெழுத்து வாங்கியதையும் சொல்லிவிட்டான். அது பதிவானது.

அப்படியும் ரிமாண்ட் ஆனது. ஆறாவது நாள்தான் ஜாமீன், தினமும் காலையில் கையெழுத்துப் போடும் நிபந்தனையோடு. அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள்.

என்னை அன்று ராத்திரியே ஓட வைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. "வீட்டுப் பக்கம் கேமரா ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார். எதிரே ஒரு நூல் குடோன், வாசலில் கேமரா. பதினைந்து நாளில் பழையது அழிந்துவிடுமாம். குடோன்காரர் நல்ல மனுஷர், உடனே போட்டுக் காட்டினார், 10.40-க்குத் தம்பியையும் சாக்கையும் வண்டியில் ஏற்றுவது தெளிவாக இருக்கிறது. பென்டிரைவில் எடுத்தால் மட்டும் போதாது, சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி. கேமராவுக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்துப் போட வேண்டும், கோப்பை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் எண்ணும் எழுத வேண்டும். அதையும் மையத்திலேயே சொல்லிக்கொடுத்து எழுத வைத்தார்கள். பெரிய பீஸ் வாங்கும் வக்கீலிடம் போயிருந்தாலும் இதைவிட என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் போன் எடுக்காதது மட்டும் இல்லை. மனு எழுத இரண்டு மணி நேரம் நின்றோம், உட்கார நான்கு நாற்காலிதான். ஜாமீன் அன்று வேறு வக்கீல் வந்தார், அவரிடம் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. காகிதத்தை ஒரே கோப்பில் வைத்து அடுத்தவரிடம் கொடுத்தாலே பாதி அலைச்சல் குறையும்.

போகிறவர்கள் கைதான நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், எதை எடுத்தார்கள் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தம்பி இப்போது யாருடைய மோட்டாரில் இருந்து எத்தனை கிலோ பழைய காயில் எடுத்தான் என்று நோட்டில் எழுதி, மோட்டார்க்காரரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறான். முதல் நாள் எங்களுக்காக நின்ற அந்த வக்கீலம்மா சொன்னது அது.