பருந்துத் தலை செய்யும் கிட் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

பாண்டிச்சேரியில் 'தத்ரூபமான பறவைத் தலை நீங்களே செய்யலாம், தேவையான எல்லாம் ஒரே கிட்டில்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது இல்லையா, அதில் பணம் கட்டி ஏமாந்தவன் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எதைக் கவனித்திருந்தால் முதல் நாளே எழுந்து வந்திருப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் கடலூர். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமிகள் வரும்போது எங்கள் தெருப் பசங்க ஏதாவது வேஷம் கட்டுவோம். வருஷா வருஷம் கடையில் வாங்கிய பேப்பர் முகமூடிதான். இந்தத் தடவை கருடன், அதுவும் பொம்மைக் கருடன் இல்லை, வெள்ளைத் தலையும் வளைந்த அலகுமாக நிஜச் செம்பருந்து மாதிரியே செய்துகாட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதுவரை ஒரு அட்டையைக்கூட நேராக வெட்டியதில்லை. கிட் 7,800 ரூபாய், இரண்டு நாள் வகுப்புக்கு 2,500. மொத்தப் பணத்தையும் முன்னாடியே ஜிபேயில் அனுப்பியாயிற்று.

இவிஏ ஃபோம் தருவதாகத்தான் சொன்னார்கள். அது ரப்பர் செருப்பின் அடிப்பாகம் மாதிரி அழுத்தமாக இருக்கும், ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டினால் மேல்தோல் லேசாக மினுமினுத்து இளகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அந்த வளைவிலேயே நிற்கும். பருந்தின் மண்டையும் புருவ மேடும் வருவதே அந்தக் குணத்தால்தான். இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குக் கொடுத்தது டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளை பேக்கிங் ஷீட். சூடு காட்டியதும் சுருங்கி ஓட்டை விழுந்தது. வகுப்பு எடுத்தவரைக் கேட்டால், "சூட்டை அதிகமா காட்டிட்டீங்க தம்பி, பிகினர்னா அப்படித்தான், கை பழகணும்" என்றார்.

அப்புறம் மண்டைக்கு உள்ளே வைக்க ஒரு தெர்மாகோல் உருண்டை, அதன்மேல் ஒட்ட செருப்புக் கடை ரப்பர் சொல்யூஷன். தடவிய ஐந்தாவது நிமிஷம் உருண்டை பொசுபொசுவென்று உள்வாங்கிக் குழி விழுந்துவிட்டது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், வெள்ளை ஃபெவிகால் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வகுப்பு எடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கும், "அள்ளித் தடவிட்டீங்க." இன்னொரு உருண்டை வேண்டுமா, 300 ரூபாய்.

எனக்குக் கோபம் இதில்தான். கெட்ட சாமானைத் தலையில் கட்டியதைவிட, ஒவ்வொன்றுக்கும் என் கையைக் குறை சொன்னதும் அதை நான் நம்பியதும். மூன்று வாரம், வேலை முடிந்து வந்து ராத்திரி பன்னிரண்டு மணிவரை மொட்டை மாடியில் உட்கார்ந்து, பேக்கிங் ஷீட்டைச் சுட்டுச் சுட்டு, நமக்கு இதெல்லாம் வராது போல என்று நொந்துகொண்டிருந்தேன். புதுசாகக் கற்கிறவனுக்கு எது தன் தப்பு, எது சாமானின் தப்பு என்று பிரிக்கத் தெரியாது. அவர்கள் வியாபாரம் ஓடுவதே அதனால்தான்.

இறகு கதை தனி. பையின்மேல் 'ஒரிஜினல் பருந்து இறகு' என்று எழுதி ஒட்டியிருந்தது, நானும் பெருமையாகத் தூக்கி வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவு நாற்றம். வீட்டில் பிரித்தால் உள்ளே புழு நெளிகிறது, அம்மா பையோடு என்னையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார். சாயம் போட்ட கோழி இறகுதான் அது. ஒருவேளை நிஜமாகவே பருந்து இறகாக இருந்திருந்தால் கதை இன்னும் மோசம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதே குற்றம். ஆக பொய் சொன்னாலும் மாட்டல், உண்மை சொன்னாலும் மாட்டல். பருந்து இறகு தருகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். கோழி இறகில் ஒரு தப்பும் இல்லை, ஷாம்பூ போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து, கவரில் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்துவிட்டால் பூச்சி செத்துவிடும் (அம்மாவிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு). சாயமும் நிற்கவில்லை. ஒத்திகையில் வியர்வை பட்டதும் கழுத்துப் பக்கத்துச் செம்பழுப்பு கரைந்து வெள்ளை இறகிலும் சட்டைக் காலரிலும் இறங்கியது, வெற்றிலை துப்பின மாதிரி.

கண்ணைப் பற்றி என்ன சொல்ல, மஞ்சளில் செங்குத்துக் கோடு போட்ட பூனைக் கண். செம்பருந்துக்குக் கரும்பழுப்புக் கண், வட்டமான மணி. அலகு கெட்டியான ரெசின் கட்டி. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 640 கிராம். முன்னால் அவ்வளவு எடை தொங்கினால் மாட்டிக்கொண்டவன் நடக்கிறபோதெல்லாம் குனிந்து கும்பிடுகிற மாதிரிதான் இருக்கும். உள்ளே இருப்பவன் எதன் வழியாகப் பார்ப்பது என்பதற்கு அந்தக் கிட்டில் பதிலே கிடையாது.

கடைசியில் எனக்குத் தெளிவு வந்தது பண்ருட்டியில் பொம்மை செய்கிற ஒரு பெரியவரிடம் போனபிறகுதான். கிட்டோடு வந்த தாளில் இறகை அலகுப் பக்கமிருந்து ஒட்ட ஆரம்பிக்கச் சொல்லியிருந்தது. பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்பா, கீத்து வேயறப்ப மேலேருந்தா ஆரம்பிப்பாங்க?" அவ்வளவுதான், புரிந்துவிட்டது. கழுத்தின் அடியில் முதல் வரிசை, அதன்மேல் ஏறி ஏறி வந்து, அலகோரத்தில் பொடி இறகோடு முடிக்க வேண்டும். செருப்புத் தைக்கிற சாமான் விற்கும் கடையில் இவிஏ ஷீட்டே கிடைக்கிறது, எனக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அலகைக் காகிதக் கூழில் உள்ளே வெற்றாகச் செய்து, வாய்ப் பிளவில் கறுப்பு வலை வைத்தேன், அது வழியாகப் பாதை தெரிகிறது. இத்தனைக்கும் அதே பாண்டிச்சேரிப் பக்கம் திருக்கனூரில் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அங்கே போய் விசாரிக்காமல் ரீல்ஸைப் பார்த்துப் போன என்னைச் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பிரிச்சிட்டா ரிட்டர்ன் இல்ல, நாங்க பாண்டி, நீங்க தமிழ்நாடு, கேஸ் போடணும்னாலும் இங்கதான் வரணும்" என்றார்கள். பில்லிலும் அப்படி ஒரு வரி அச்சடித்திருக்கிறது. பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், எனக்குக் கடலூரே போதும். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் செய்து புகாரைப் பதிந்தேன். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, பையின்மேல் இருந்த அந்தப் 'பருந்து இறகு' ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தது உதவியது. புகார் போனதும் அவர்களே கூப்பிட்டு 2,000 தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். முடியாது என்றுவிட்டேன்.

விளம்பரத்தில் இருந்த பருந்துத் தலையை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், யாரோ வெளிநாட்டுக்காரர் செய்தது. பணம் கட்டுவதற்கு முன்னாடி செய்திருக்க வேண்டிய வேலை. நேற்று அவர்கள் ஸ்டேட்டஸில் அடுத்த மாத வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள், அதே படத்தைப் போட்டு.