பிள்ளைகளின் கார்ட்டூனுக்கு டிஷ்ஸா, போனா?

"அண்ணே, சனி ஞாயிறு பிள்ளைங்க கார்ட்டூன் பார்க்க டிஷ் பூட்டவா, போனே போதுமா?" தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டின் பக்கத்துக் காம்பரா தங்கச்சி கேட்டாள்.

எங்கள் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. 1982இல் தொடங்கிய இலங்கை அரச டிவி ரூபவாஹினிதான் கதி. அண்ணன் தகரக் கூரைக்குப் பக்கத்தில் நின்று அன்டெனா மூங்கிலைத் திருப்புவான். உள்ளேயிருந்து நான், "இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு!" பக்ஸ் பனி எங்களுக்கு 'ஹா ஹா ஹரி ஹாவா', டைட்டஸ் தொட்டவத்த சிங்களம் பேசவைத்த முயல். என் பாதிச் சிங்களம் அதனிடம் கற்றதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செலவு: டிஷ்ஸுக்கு முதலில் மொத்தமாக ஒரு தொகை, பிறகு மாதாமாதம். டேட்டா சில்லறையாகப் போகும், கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

மழை: அடைமழையில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடையும். போனுக்கோ எங்கள் லயத்தில் வாசல்படியில்தான் சிக்னல்.

மொழி: சுட்டி டிவி கிடைத்தால் டோராவே தமிழ் பேசுவாள். போனிலும் தமிழ் உண்டு, அடுத்து என்ன ஓடும் என்பதைத்தான் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

கூட்டம்: டிவிக்கு முன் ஏழு பேர் உட்காரலாம். போனில் இரண்டு தலைகளே முட்டும்.

ஒற்றைப் பிள்ளை, எப்போதாவது அரை மணி நேரம் என்றால் போன் போதும். தங்கச்சிக்கு மூன்று பிள்ளைகள், ஞாயிறும் கைக்காசு வேலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள், போனுக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. டிஷ் பூட்டச் சொல்லிவிட்டேன்.