ரிச்சி தெரு மாடிக் கடை: செத்துப்போன லேப்டாப்புக்கு 2,200 ரூபாய்

கடையின் பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் சார், இருக்கிற வேலைக்கே கை பத்தலை" என்று அங்கே ரிப்பேர் செய்கிற தம்பியே சொல்லிவிட்டார். சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, 'சிப் லெவல் சர்வீஸ்' (முழுப் பலகையை மாற்றாமல் அதிலுள்ள சின்ன உறுப்பைச் சரிசெய்வது) என்று போர்டு மாட்டிய பத்துப் பதினைந்து கடைகளைத் தாண்டினால், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு வரும், அதற்கு மேலே உள்ள கடை. இந்த அடையாளம் அங்கே பாதிக் கடைகளுக்குப் பொருந்தும் என்பது எனக்கும் தெரியும். அதனால் கடையை விட, அவர்கள் வேலை செய்த விதத்தைத்தான் எழுதப்போகிறேன், அதைப் பார்த்து நீங்களே ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளலாம்.

2019-ல் வாங்கிய லேப்டாப். ராத்திரி மூடி வைக்கும்வரை நன்றாக இருந்தது, காலையில் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை, செங்கல்லை அழுத்துகிற மாதிரி இருந்தது. பேட்டரி உள்ளே இருக்கும் மாடல், கழற்ற வழியில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து சில லேப்டாப்கள் இதிலேயே எழுந்துகொள்ளும். என்னுடையது எழவில்லை. திரை மேல் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன், பின்விளக்கு மட்டும் போயிருந்தால் படம் மங்கலாகத் தெரியும் என்பார்கள். ஃபேனே சுற்றாத லேப்டாப்பில் அது வீண்வேலை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. சார்ஜரைச் சுவரில் மட்டும் சொருகினால் அதிலுள்ள சின்ன விளக்கு எரிகிறது. மறுமுனையை லேப்டாப்பில் சொருகிய நொடியே அணைந்துவிடுகிறது. பிடுங்கிச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி எரிகிறது. எதிர்வீட்டுப் பையனின் சார்ஜரையும், ஒட்டியிருந்த சீட்டில் 19.5 வோல்ட் என்பது இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, போட்டுப் பார்த்தேன். அதிலும் இதே கூத்து.

முதலில் போனது ஏ.சி. போட்ட, டோக்கன் கொடுக்கிற ஒரு சர்வீஸ் சென்டருக்கு. விளக்கு அணைகிற விஷயத்தை நான் சொன்னபோது அங்கிருந்தவர் கணினித் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. பார்ப்பதற்கு மட்டும் 500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 590. உள்ளே இருக்கும் தகவல் அழிந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு கையெழுத்து. இரண்டு நாள் கழித்து போன்: "மதர்போர்டு போயிடுச்சு சார், மாத்தணும், 24,500 ஆகும்." எல்லா உறுப்புகளும் உட்கார்ந்திருக்கும் முக்கியப் பலகைதான் மதர்போர்டு. இன்னும் கொஞ்சம் போட்டால் புது லேப்டாப்பே வந்துவிடும் என்று அவர்களே அக்கறையாகச் சொன்னார்கள். திரும்ப வாங்கி வந்து பார்த்தால், அடிப்பக்கத் திருகுகளின் தலையில் ஐந்தாறு வருடத் தூசி அப்படியே அடைந்து கிடக்கிறது. திறக்காமலேயே பிணப் பரிசோதனை முடித்திருக்கிறார்கள்.

மாடிக் கடைக்கு வருவோம். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "சார்ஜர் சொருகினா அதில இருக்கிற லைட் அணையுதா சார்?" எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. போர்டில் எங்கோ ஷார்ட் இருந்தால், அதாவது கரண்ட் போகக்கூடாத குறுக்கு வழியில் பாய்ந்தால், சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடுமாம்.

என் கண்ணெதிரேயே கழற்றினார். முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். மேஜையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டுகிற பவர் சப்ளை ஒன்று இருந்தது, அதை 19 வோல்ட்டில் வைத்து இணைத்ததும் வோல்ட் விழுந்தது, ஆம்பியர் சர்ரென்று ஏறி எல்லையில் போய் நின்றது. மின் இணைப்பைச் சோதிக்கிற மல்டிமீட்டரின் முனைகளை இரண்டு இடத்தில் வைத்தார், பீப் என்று கத்தியது. "முழு ஷார்ட் சார், ஆனா போர்டு போகலை."

அடுத்துச் செய்ததுதான் நான் வாய்பிளந்து பார்த்தது. வோல்ட்டை ஒன்றுக்குக் குறைத்து, ஷார்ட் ஆன தடத்தில் மட்டும் கரண்ட் கொடுத்துக்கொண்டே, போர்டு மேல் சீக்கிரம் ஆவியாகிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினார். எல்லா இடமும் ஈரமாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிடுகிடுவென்று காய்ந்தது. கரண்ட் முழுவதும் அந்த வழியாகப் போவதால் அங்கே சூடு. பார்த்தால் ரவை மாதிரி ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கித் தருகிற குட்டி உறுப்பு. சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏர் கருவியால் அதைத் தூக்கிவிட்டு மீட்டர் வைத்தால் பீப் இல்லை. கழித்துக் கட்டிய ஒரு பழைய போர்டிலிருந்து அதே அளவு கெப்பாசிட்டரை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். 24,500 ரூபாயில் மாற்றச் சொன்ன மதர்போர்டில் கெட்டுப்போயிருந்தது இதுதான்.

அதோடு முடியவில்லை. ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு, கேப்ஸ் லாக் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை, ரேம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்க நிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்ப அழுத்தினார். லோகோ வந்தது. ரப்பரைப் பொன் மாதிரி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்!

போர்டை மாற்றியிருந்தால் இன்னொரு தலைவலியும் வந்திருக்கும் என்றார். விண்டோஸ், பிட்லாக்கர் என்ற வசதியால் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பூட்டின் சாவி பழைய போர்டோடு பிணைந்தது, புது போர்டு போட்டதும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். என் லேப்டாப் பூட்டித்தான் இருந்தது, எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மொத்தம் 2,200. பேரம் பேசவில்லை, பேச மனசும் வரவில்லை.

குறைகள் உண்டு. உட்கார இடமில்லை, இரண்டரை மணி நேரம் நின்றே இருந்தேன், பைக்கை எங்கே விடுவது என்பது தனிப் போராட்டம். முறையான பில் கிடையாது, துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து, அவ்வளவுதான். ஆபீஸில் பணம் திரும்பக் கேட்கிறவர்களுக்கு இது உதவாது. செய்த வேலைக்கு ஒரு மாதம்தான் பொறுப்பு. போன் செய்தால் எடுக்கமாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். வந்ததோடு வரட்டும் என்று ஆடிக்கொண்டிருந்த மூடிக் கீலையும் இறுக்கித் தரச் சொன்னேன், இரண்டு நாளில் பழையபடி ஆடுகிறது. அந்த வேலைக்கு அவரை நம்பவேண்டாம்.

இப்போது மூன்று வாரமாகத் தினமும் ஓடுகிறது. போகிறவர்கள் சார்ஜரை மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன், கடைசியில் போட்டுப் பார்க்க அவர் நாலு கடை ஏறி இறங்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.