ஆனையிறவா, சங்குப்பிட்டியா: வன்னியின் இரண்டு வடவாசல்கள்

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே விரியும் வன்னியில் மலை இல்லாதபடியால் மலைக்கணவாயும் இல்லை. ஆயினும் குடாநாட்டுக்குப் போகும் வழியைக் கடல்நீரேரி நெருக்கிப் பிடிக்கும் ஒடுக்கங்கள் உண்டு. அவற்றுள் இன்று பெருவீதி ஓடுபவை இரண்டு: ஏ9 வீதியில் ஆனையிறவு, மன்னாரிலிருந்து வரும் ஏ32 வீதியில் சங்குப்பிட்டி.

ஆனையிறவுக்குப் பலமாக அமைந்ததும் பழியாக முடிந்ததும் அங்கே நீர் ஆழமற்றிருப்பதுதான். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகளை ஏற்றுமதிக்காக இவ்வழியே யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்றார்கள். நடந்தே கடக்கக்கூடிய வாசலுக்குக் காவல் வேண்டும் என்று ஒல்லாந்தர் அங்கே சிறுகோட்டை வைத்திருந்தனர். பின்னர் வீதியும், 1905இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைத்த ரயில்பாதையும் அதே ஒடுக்கத்தையே நாடின. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் உள்நாட்டுப் போரில் படைகள் அந்தத் துண்டு நிலத்துக்காக மோதியதற்கும் காரணம் வேறில்லை.

சங்குப்பிட்டிக்குத் தெற்கே உள்ள பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையின் சிதைவுகளைப் பார்த்தால் மேற்கு வாசலும் பழையதே என்பது விளங்கும். ஆனால் சங்குப்பிட்டிக்கும் குடாநாட்டுக் கரையிலுள்ள கேரதீவுக்கும் இடையே நீரைக் கடக்க, ‘பாதை’ என்று சொல்லும் கடவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகே அது ஆனையிறவுக்குப் போட்டியாக எழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டுமே அடைபட்டிருந்தபோது, சனங்கள் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றில் நடந்தும், பிறகு கிளாலியில் இரவுப் படகேறியும் போய்வந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது.

இன்றைய பயணத்துக்கு எது என்று கேட்டால், மன்னார், முழங்காவில் பக்கத்தாருக்குப் பூநகரிதான். அதில் விவாதமே இல்லை. வவுனியாவிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ புறப்படுபவர்கள் பரந்தனுக்கு வந்ததும் மேற்கே பூநகரிப் பக்கம் திரும்பலாமா என்று யோசிப்பதுண்டு. நெரிசலற்ற வீதி ஆசை காட்டும். என்றாலும் பகலில், நல்ல வாகனத்தில் போனால் மட்டுமே அதைச் சிபாரிசு செய்வேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலத்தில் சங்குப்பிட்டிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும் வேகம் ஒருமுறை பட்டால் மறக்காது. இருட்டிய பின் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் வெளிச்சம் மிகக் கிட்ட வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். ரயர் வெடித்தால் கடை தேடி நெடுந்தூரம் உருட்ட வேண்டியும் வரலாம். ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் பொட்டலத்தோடு புறப்பட்டால், ஆனையிறவைத் தாண்டிப் பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று ஆளரவம் தொடர்ந்து வரும். பேருந்துகளும் அதில்தான் அதிகம். ரயிலும் அந்த வழியேதான்.