ஹரியரா, எஃப்-35பியா?

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்றால், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி வாவிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதைக் காணலாம். உடம்பு துடிக்கும், தலை அசையாது. அதைக் காட்டித்தான், அப்படியே அந்தரத்தில் நிற்கக்கூடிய ஹரியர் போர்விமானத்தை மருமகனுக்கு விளக்கப் போனேன். "அது பழசு மாமா, அதேபோல அந்தரத்தில் நிற்கிற புது எஃப்-35பி போர்விமானத்துக்குக் கிட்டவும் வராது" என்றான்.

ஹரியர் பழசுதான். 1969இல் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தது. ஒரே பெகாசஸ் எஞ்சின், அதன் காற்றையும் வெப்பவாயுவையும் வெளியே தள்ளும் குழாய் வாய்களான நொஸில்கள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. விமானி ஒரு நெம்புகோலை இழுத்தால் நான்கும் சேர்ந்து கீழே திரும்பும். மறுகா என்ன, எழும்பிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கைமேல் காற்று ஓடாது, வழக்கமான சுக்கான்களால் பயனில்லை. எஞ்சினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்றை மூக்கிலும் வாலிலும் இறக்கை நுனிகளிலும் உள்ள சிறு துவாரங்களால் ஊதித்தான் சாயாமல் பிடிக்க வேண்டும். தோணியில் நின்று வலை வீசுகிறவர் இடுப்பாலும் காலாலும் சமன் பார்ப்பாரே, அந்த வேலை. பக்கக் காற்றைக் கவனிக்க விமானியின் கண்ணாடிக்கு முன்னால் சின்னக் காற்றுத்திசைகாட்டி ஒன்று உண்டு. அதைப் பார்க்கத் தவறினால் விமானம் புரளலாம். வெக்கையில் வலு போதாவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் பீச்சுவார்கள். அந்தத் தொட்டியும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் காலி.

எஃப்-35பியில் விமானிக்குப் பின்னால் பெரிய விசிறி, எஞ்சினோடு தண்டால் இணைந்தது. வால் நொஸில் துதிக்கை போலக் கீழே மடியும். விசிறிக்கும் வாலுக்கும் வலுவைக் கூட்டிக் குறைத்து மூக்கை ஏற்றி இறக்குவதும், இறக்கைக்குக் கீழுள்ள இரு குழாய்களால் பக்கச் சாய்வைத் திருத்துவதும் கணினியின் பொறுப்பு. விமானி கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும். முன்னால் இறங்குவது சூடில்லாத காற்று, அதனால் வாலின் வெப்பவாயு எஞ்சின் வாய்க்குள் புகுவதும் குறைவு. ஓட்டுகிறவன் நானென்றால் எஃப்-35பியைத்தான் கேட்பேன். ஒலியைவிட வேகமாகவும் போகும், ஹரியர் மட்டமாகப் பறந்து அந்த வேகத்தைத் தொடாது. ஆனால் நேராகப் பறக்கும்போது அந்த விசிறி வெறும் சுமை. ஹரியரில் அப்படிச் சும்மா கிடக்கும் எஞ்சின் எதுவும் இல்லை.

வான்சண்டையில் நொஸிலைத் திருப்பிச் சட்டென வேகம் குறைத்து, துரத்துகிறவனை முந்தவிடலாம் என்று ஹரியர் பிரியர்கள் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் வேகம் இழந்த விமானம் அடுத்தவனுக்கு லேசான இலக்கு. 1982இல் பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் மோதிய ஃபோக்லாந்துப் போரில் ஹரியருக்குக் கைகொடுத்தது இந்த வித்தை அல்ல, சைட்விண்டர் ஏவுகணையும் விமானிகளின் பயிற்சியும்தான். எஃப்-35பியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, விசிறிக் கதவு மெதுவாகப் பறக்கும்போதுதான் திறக்கும். இதைக் கேட்டுத்தான் மருமகன் கொஞ்சம் யோசித்தான்.